அண்டை வீட்டார் இருவர்

நான் சொல்லப்போவதை நானே முழுதாக நம்புவதில்லை. பதினோரு வருடமாக நம்பவில்லை. ராஜபுஷ்பம் என்று ஒரு அம்மாள், வீட்டு வாசலில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர், ஒரு காலை வேளையில் என்னிடம் சொன்ன சங்கதி அது. சொன்னார் என்றுதான் நானும் இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

உட்காருங்கள். வக்கீல் இரண்டாவது கோர்ட்டில் இருக்கிறார். வர ஒரு மணி நேரமாவது ஆகும். உங்கள் தங்கச்சி மகள் சம்பந்தமான உத்தரவைப் படித்தேன். நீங்கள் மூன்றாம் பக்கத்தை மடக்கி வைத்துக்கொண்டு, "அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சொல்லிட்டாங்களே சார், இனி ஐகோர்ட்டுக்குப் போயி என்ன ஆகப்போவுது" என்றீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன். உங்கள் கேஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பட்டால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

நான் எப்போதும் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் இல்லை. அதற்கு முன்னால் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒப்பந்த வேலை. ஒரு குழந்தைக்கு வீட்டில் ஆபத்து என்று யாராவது உதவி எண்ணுக்குப் போன் செய்தால், குழந்தையைக் கூட்டிவந்து குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்துவார்கள். கமிட்டி என்போம். ஐந்து பேர். பிள்ளை தாயிடம் போவதா, இல்லத்தில் இருப்பதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் தெருத்தெருவாகப் போக முடியுமா? அதனால் நான் போவேன். போய்ப் பார்த்து, விசாரித்து, சமூக விசாரணை அறிக்கை எழுதிக் கொடுப்பேன். கமிட்டி அதைப் படித்து உத்தரவு போடும். உத்தரவு பிடிக்காதவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். கோர்ட்டும் அதே அறிக்கையைத்தான் படிக்கும். ஜட்ஜ் ஐயா எந்தத் தெருவுக்குப் போவார்?

சந்தனமாரி நூல் மில்லில் வேலை. புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. ஆறு வயதில் ஒரு பெண், ஜீவிதா. ஒற்றை அறை வாடகை வீடு. மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவள் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய், இரண்டரைக்கு வந்து திறந்திருக்கிறாள். யாரோ போன் செய்துவிட்டார்கள், பூட்டின வீட்டுக்குள் பிள்ளை அழுகிறது என்று. உதவி எண் ஆட்கள் போலீஸோடு போய்ப் பூட்டை உடைத்துக் கூட்டிவந்தார்கள். அவர்கள் எழுதிய குறிப்பு நாலே வரி. கடைசி வரி, 'அறையில் கயிறு ஒன்று காணப்பட்டது.'

அந்தக் குறிப்போடு கோப்பு என் மேஜைக்கு வந்தது. பதினைந்து நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். என் கையில் ஏற்கெனவே பத்தொன்பது கோப்பு இருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

நான் போனபோது காலை பதினொன்று. சந்தனமாரி வீடு பூட்டியிருந்தது. அவள் அந்த நேரத்தில் கமிட்டி ஆபீஸ் வாசலில், பிள்ளையைக் காட்டுங்கள் என்று நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 'தாய் விசாரணைக்கு வீட்டில் இல்லை' என்று எழுதினேன். உண்மைதானே, இல்லை.

இடது பக்கத்து வீடு ராஜபுஷ்பம். அவர் சொன்னார்: தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையைக் கயிற்றால் கட்டிப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போகிறாள். என் அறிக்கையின் எட்டாம் பத்தி இது. இன்றைக்கும் எனக்கு வரி மாறாமல் வரும்.

அந்தப் படிவத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் 'அண்டை வீட்டார் கருத்து' என்று இரண்டு கட்டம் உண்டு. ஒன்று, இரண்டு. இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தால் ஆபீஸிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வலது பக்கத்து வீட்டுக்குப் போனேன். அதுவும் பூட்டு. கரண்டு மீட்டர் பக்கத்தில் அட்டை தொங்கியது. பெயர் சேர்மத்தாய். குறித்துக்கொண்டேன். இன்னொரு நாள் வருவதென்றால் அறுபது கிலோமீட்டர்.

எங்களில் எல்லாரும் செய்வதுதான். முதல் ஆள் சொன்னதை இரண்டாம் ஆள் சொன்னதாகக் கொஞ்சம் மாற்றி எழுதுவோம். ஒரே தெருவில் இருப்பவர்கள் வேறு என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? சில பேர் அப்படியே பெயர்த்து எழுதுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. எனக்கு எழுத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். ராஜபுஷ்பம் 'கட்டிப் போடுகிறாள்' என்றால், சேர்மத்தாய்க்கு 'குழந்தை கட்டப்பட்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டு' என்று எழுதினேன். ஜன்னல் இருந்தது. சந்தனமாரி வீட்டுக்கு அந்தப் பக்கமாக ஒரு ஜன்னல், நானே பார்த்தேன். இல்லாத ஜன்னலை எழுதவில்லை.

கமிட்டி பிள்ளையை இல்லத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. சந்தனமாரி இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவரைப் பிடித்து மாவட்டக் கோர்ட்டில் அப்பீல் போட்டாள்.

ஜட்ஜ் ஐயா நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் சொல்வேன். கமிட்டி சொன்னது சரி என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டுப் போகிற ஆள் இல்லை. கோப்பு முழுவதையும் வரவழைத்தார். என்னையும் வரச் சொன்னார். அறிக்கையை வரி வரியாகப் படித்தார். அவளைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, அவரே கேட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேரு ஒண்ணுபோல சொல்றாங்க. அவங்களுக்கு உன் மேல ஏதும் பகையா?"

"பகை ஒண்ணும் இல்லீங்கய்யா. தண்ணி வந்தா எனக்கும் சேத்துப் புடிச்சு வைப்பாங்க. அதான் எனக்கும் வெளங்கல."

"அப்ப அந்தக் கயிறு?"

"தூளிக் கயிறுங்கய்யா. கைப்புள்ளையில கட்டுனது. அவுக்க விட மாட்டா. அதுல ஊஞ்சல் ஆடுவா."

"கதவைப் பூட்டுனியா?"

"பூட்டுனேங்கய்யா. தொறந்து போட்டுட்டா பொம்பளப்புள்ளைய விட்டுட்டுப் போறது?"

கோர்ட்டில் இரண்டொருவர் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நேர்ல போனீங்களா?"

"போனேன் ஐயா."

"விசாரிச்சு எழுதுனதுதானே?"

"ஆமாம் ஐயா."

பக்கத்தைத் திருப்பினார். 'ரெண்டு பேரையுமா?' என்று கேட்பார் என்று நினைத்தேன். காத்துக்கொண்டு நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதை நான் என் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று. அவள், "கேக்கலேல்ல, விடுங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது கோர்ட்டில் வழக்கம் இல்லை. உங்களுக்கே தெரியும்.

தீர்ப்பில் இப்படி வந்தது: 'ஒருவரையொருவர் சாராத இரு அண்டை வீட்டாரின் கூற்றுகள், வெவ்வேறு சொற்களில், ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.' வெவ்வேறு சொற்களில். கமிட்டியின் உத்தரவு செல்லும். தாய் மாதம் ஒருமுறை, இரண்டாவது ஞாயிறு, பிள்ளையைப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி நிலைமையை மறுபரிசீலனை செய்து கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

அந்த மறுபரிசீலனை அறிக்கையும் நான்தான் எழுதினேன். 'தாயின் சூழ்நிலையில் மாற்றம் இல்லை.' மாறவில்லைதான். அதே அறை, அதே மில். மாறினால் அல்லவா எழுத? கோர்ட்டிலிருந்து 'பார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தி வரும். பதினான்கு முறை அனுப்பினேன். பதினான்கு முறையும் முத்திரை வந்தது. கோர்ட் பார்க்காமல் விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்குச் சந்தேகம் எப்போது வந்தது என்று கேட்டீர்கள் இல்லையா? இல்லை, நீங்கள் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு வந்த வாரமே வந்தது. பஸ்ஸில் வரும்போது, ராஜபுஷ்பம் அதைச் சொன்ன விதத்தை நினைத்துப் பார்த்தேன். முகம் ஞாபகம் வந்தது. மெஷின் ஞாபகம் வந்தது. பச்சைத் துணி. குரல் வரவில்லை. 'கட்டிப் போடுகிறாள்' என்று அந்த அம்மாள் வாயால் சொன்ன குரல் எனக்கு வரவே இல்லை. யோசிக்க யோசிக்க, அவர் நாலைந்து குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு துணியை மடித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் வந்தது. ஊசியைக் கடித்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு பேச முடியும்? தலையை ஆட்டினாரா? 'ம்' என்றாரா? அங்கிருந்துதான் அந்த அம்மாளை நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். பொய் சொல்லிவிட்டார், பொம்பளைகளுக்குள் ஏதோ தண்ணீர்க் குடச் சண்டை, அதை என்னிடம் தீர்த்துக்கொண்டார் என்று. ஒரு நாள் அப்படித் தோன்றும். மறுநாள், இல்லை, பார்க்காமலா சொல்லியிருப்பார் என்று தோன்றும். இப்படியே போயிற்று.

இரண்டாவது ஞாயிறுகளில் சந்தனமாரி இல்லத்துக்கு வருவாள். பார்வையாளர் பதிவேட்டை நான் பார்ப்பேன், அது என் வேலை. ஒரு மாதம்கூட விட்டதில்லை. மில்லில் ஞாயிறு ஷிப்டு போட்ட மாதங்களில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜீவிதாவுக்குப் பதிமூன்று முடிந்தபோது, கமிட்டியில் புதிதாக வந்த ஒரு அம்மா, "ஏன் இந்தப் பிள்ளையை இன்னும் வெச்சிருக்கோம்? பெரியவளாயிட்டா, தாயும் தவறாம வருது, அனுப்பலாமே" என்றார். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். நான் போனேன். எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அம்மாகிட்ட போறியாம்மா?"

"இல்ல சார். இங்கயே இருக்கேன்."

"ஏன்?"

"அங்க போனா கட்டிப் போடுவாங்க."

"கட்டிப் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தது. "ஞாபகம் இல்ல. பேப்பர்ல இருக்குல்ல சார். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வார்டனம்மா ஃபைலக் குடுத்து விட்டாங்க. வழியில படிச்சேன். பாத்தவங்க ரெண்டு பேரு சொல்லிருக்காங்க."

தூளி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. விட்டுவிட்டேன். பிள்ளை சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். 'தாயிடம் செல்ல விருப்பமில்லை.' என் வேலைக்காலத்திலேயே அவ்வளவு சுத்தமாக நான் எழுதிய அறிக்கை வேறு இல்லை. கமிட்டி ஏற்றுக்கொண்டது. கோர்ட்டும் முத்திரை குத்தியது.

அதற்கப்புறம் சில மாதத்தில் வேலையை விட்டேன். இதனால் இல்லை. இடுப்பு வலி. அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் சந்தனமாரி இந்த ஆபீஸுக்கு வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான். தலை பாதி நரைத்திருந்தது. நான் கோப்பை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வக்கீலிடம் பேசினாள்.

"வேற ஒண்ணும் வேண்டாம் சார். கேஸு நடத்துனவங்க மேல எனக்கு வருத்தமில்ல. அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. கட்டிப் போட்டேங்குறத. நவம்பர்ல அவளுக்குப் பதினெட்டு முடியுது. இல்லத்துல இருந்து அனுப்பிருவாங்க. எங்க போவேன்னு கேட்டா தெரியலைங்குறா. எங்கிட்ட வரப் பயமாயிருக்காம்."

"கோர்ட்டு எழுதுன வரிய கோர்ட்டுதான் அடிக்கணும்மா" என்றார் வக்கீல். "சும்மா போயி நின்னா அடிக்காது. சொன்னவங்க, நாங்க பாக்கலைன்னு சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுத்தா ஐகோர்ட்டுல போட்டுப் பாக்கலாம். குடுப்பாங்களா?"

"சேர்மத்தாயி செத்து மூணு வருசமாச்சு. ராஜபுஷ்பம் இருக்கு. எங்கூடப் பேசாது."

"ஒருத்தர் குடுத்தாலும் பாதி நிக்கும். இன்னொருத்தர் சொன்னது கெடக்குமே. சரி, முதல்ல இருக்கறவங்கள பாப்போம்." வக்கீல் என்னைக் கூப்பிட்டார். "குற்றாலிங்கம், நீ ஒரு நடை போயி அந்தம்மாகிட்ட பேசி வாங்கிட்டு வந்துரு."

சந்தனமாரி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சார் போவாங்க" என்றாள். "சாருக்கு வழி தெரியும். என்ன, போன தடவை நான் வீட்டுல இல்ல."

அவ்வளவுதான். வக்கீலுக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. இன்னும் விளக்கவில்லை. அவர் கேட்டால் சொல்லுவேன்.

போன வியாழக்கிழமை போனேன். வக்கீல் டைப் செய்து கொடுத்த காகிதம் பையில் இருந்தது. 'நான் நேரில் பார்க்கவில்லை' என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துக்கு இடம். தெருவில் சிமெண்டு போட்டிருந்தார்கள். சந்தனமாரி இருந்த அறையில் வேறு யாரோ. ராஜபுஷ்பம் அதே வாசலில். மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார்.

"யாரு, வோட்டர் லிஸ்டா? போன வாரந்தான வந்துட்டுப் போனாக."

"இல்லக்கா. நான் முன்னால ஒரு தடவை வந்திருக்கேன். சந்தனமாரி மக விஷயமா."

மெஷினை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். "ஆபீஸர் சாரா? ஆளு மெலிஞ்சுட்டீக. அந்தப் புள்ள நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. பதினெட்டு முடியப்போகுது."

"ஏ யம்மா. சந்தனமாரி?"

"இருக்காங்க."

"பாவம். கோர்ட்டுல இருந்து வந்த அன்னைக்கு ரெண்டு வீட்டு வாசல்லயும் மண்ண வாரித் தூத்தி, வஞ்சுட்டுப் போனவ. இன்னும் என் காதுல நிக்கி."

நான் நேராகக் கேட்டுவிட்டேன். இவ்வளவு வருடம் உள்ளே வைத்திருந்ததை, பால் விலை கேட்கிற மாதிரி கேட்டேன். "அக்கா, அவ புள்ளையக் கட்டிப் போட்டதை நீங்க பாத்தீங்களா?"

"நானா? நான் எங்க பாத்தேன். பூட்டுன கதவுக்குள்ள நடக்கறது எனக்கு எப்படித் தெரியும்? சேர்மத்தாயில்ல பாத்தது."

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஜன்னல் வழியாப் பாத்ததா அவ சொல்லிருக்கான்னு கோர்ட்டுல வாசிச்சாகளாம்ல. சந்தனமாரியே இந்தா இந்த எடத்துல நின்னுல்ல சொன்னா. அதுவரைக்கும் எனக்கு ஒறக்கமே கெடையாது சார். என்னத்தையோ நம்ம தலையாட்டிட்டமே, புள்ளையப் புடிச்சுட்டுப் போயிட்டாகளேன்னு மனசு அடிச்சுக்கும். சேர்மத்தாயி கண்ணால பாத்திருக்கான்னு கேட்டப்புறந்தான், சரி, நடந்ததுதான் போலன்னு ஆறுச்சு."

"சேர்மத்தாய்கிட்ட நீங்க கேட்டீங்களா?"

"கேக்காம? நான் சொல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுனா. யாரும் எங்கிட்ட வந்து கேக்கவே இல்லங்குறா. கோர்ட்டுல எழுதி வெச்சிருக்கு, அவ இல்லங்குறா. மூஞ்சிக்கு நேரா இப்படியொரு பொய்யான்னு நான் அவகூடப் பேச்ச நிறுத்திட்டேன். அடுத்தடுத்த வீடு, ஒத்தக் கொழாய்த் தண்ணி. எட்டு வருசம். அவ சாவுக்குத்தான் அந்த வாசப்படிய மிதிச்சேன். சாகற வரைக்கும் ஒத்துக்கலையே அவ. என்ன அழுத்தக்காரி பாத்தீகளா?"

பையில் கையை விட்டேன். காகிதம் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார், அந்த அம்மாள் அப்படிப்பட்டவர்தான். 'நான் பார்க்கவில்லை.' உண்மை. ஆனால் வக்கீல் சொன்னதுபோல, அதில் பாதிதான் நிற்கும். மற்றப் பாதிக்குச் செத்தவள் வந்து கையெழுத்துப் போட முடியாது. வேறு யாராவது போடலாமா என்று சட்டத்தில் இடம் இருக்கிறதா, நான் இன்னும் வக்கீலிடம் கேட்கவில்லை.

"தலையாட்டினேன்னு சொன்னீங்களே அக்கா."

"ஆமா. வாயில ஊசி."

"வாயத் தொறந்து நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லிருப்பேன். நீங்கதான் மடமடன்னு எழுதிக்கிட்டீகளே. எழுதறப்ப குறுக்க பேசக் கூடாதுன்னு சும்மா இருந்தேன்."

அவர் மறுபடியும் துணியை ஊசிக்கு அடியில் தள்ளினார். மோட்டார் ஓடத் தொடங்கியது. நான் அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன என்பதுபோல் பார்த்தார்.

இத்தனை வருடமும் அவர் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்றே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று நின்றேன். போனது. அப்புறம் கேட்டேன்.

"அக்கா, நீங்க சொன்னது இருக்கட்டும். அன்னைக்கு நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?"